மூலனூருக்குத் தனி சேட்டிலைட் வேண்டாமுங்க

சொந்தக்காரங்க குழுவுல ஞாயித்துக்கிழமை நடந்ததைப் பார்த்தவங்களுக்கு நான் எதைப் பத்தி எழுதறேன்னு தெரியும். பார்க்காதவங்க விட்டுடுங்க, பெருசா ஒண்ணும் நட்டமில்லை.

நான் கேட்டது ஒரே கேள்விதானுங்க. "இந்தக் கோடை நம்ம கொங்கு மண்டலத்துக்கு இயல்புதான், பயப்பட ஒண்ணுமில்லை"ன்னு ஒரு படம் போட்டாங்க. பொள்ளாச்சியில இருந்து கரூர் வரைக்கும் ஒரே நிறம் அடிச்ச படம். "இது எந்த ஊருக்குப்பா?"ன்னு கேட்டேன். உடனே பதில் வந்துச்சு: "மூலனூருக்குன்னு தனியா ஒரு சேட்டிலைட் விடச் சொல்லிரலாமுங்க மாமா." அதுக்குக் கீழ பதினாலு சிரிப்புப் பொம்மை. ஆமா, உக்காந்து எண்ணினேன். அதுல ஒண்ணு, நான் தோள்ல தூக்கி வெச்சுத் தேர் காட்டுன பையன் போட்டது.

மூலனூர் எங்க ஊருங்க, தாராபுரத்துக்குக் கிழக்க. சேட்டிலைட் எல்லாம் வேண்டாமுங்க. ஊர் பேரைச் சொன்னாப் போதும்.

கோயம்புத்தூர் கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கு மேல இருக்குது. கரூர் 120 மீட்டர் சுமாருதான். அந்த உயர வித்தியாசத்துக்கே ரெண்டு டிகிரி போயிரும். அதுக்கு மேல கோயம்புத்தூர்ல இருக்கற உங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் இருக்குது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவுல முப்பது கிலோமீட்டருக்கு மேல திறந்து கெடக்கற வாசல். சாயங்காலம் ஆனா அந்தப் பக்கத்து ஈரக்காத்து உங்க பால்கனிக்கு வந்துருது. அது பல்லடம், தாராபுரம் தாண்டி எங்க காட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள அதுல ஈரமும் இல்லை, ஒண்ணும் இல்லை. எங்களுக்குப் பக்கத்துல வெயில் அளக்கற எடம் க.பரமத்தி. டிவியில "கரூர் பரமத்தி"ன்னு சொல்றாங்களே, அதேதான். (பரமத்தி வேலூர்க்காரங்க கோவிச்சுக்காதீங்க, அது நீங்க இல்லை.) உங்களுக்கு அளக்கறது பீளமேடு ஏர்போர்ட்டுல. ரெண்டையும் ஒரே நிறத்துல அடிச்சு "நம்ம கொங்கு"ன்னா எந்த ஊருக்குன்னு கேக்கக் கூடாதா?

"இயல்பு"ங்கற வார்த்தையையும் கொஞ்சம் பாருங்க. 1991-ல இருந்து 2020 வரைக்கும் முப்பது வருசத்துச் சராசரிதான் இயல்பு. அது ஊருக்கு ஊர் வேற. ஏப்ரல்ல கோயம்புத்தூருக்கு 36 டிகிரி பக்கம் இயல்புன்னா, எங்க பக்கம் அதைவிட ரெண்டு மூணு கூடுதல்தான் இயல்பு. அப்ப எங்களுக்கு "இயல்பான கோடை"ன்னா என்ன அர்த்தம்? வழக்கம் போல வேகுவீங்கன்னு அர்த்தம்.

வெப்ப அலைக் கணக்கு இன்னும் அழகு. சமவெளியில 40 டிகிரி தொடணும், அதோட வழக்கத்தைவிட நாலரை டிகிரியாவது கூடணும். இல்லைன்னா நேரா 45 அடிக்கணும். வழக்கமே 38, 39-ன்னு இருக்கற ஊர்ல 42 அடிச்சாலும் ஏட்டுல அது வெப்ப அலை ஆகாது. எப்பவுமே வேகறவன் வேகறது செய்தியில்லை. அளக்கறதும் காத்தோட்டமான மரப்பொட்டிக்குள்ள, நெழல்ல. நாங்க முருங்கைக்காய் பறிக்கறது பொட்டிக்குள்ள இல்லைங்க.

"மாமாவுக்கு விஞ்ஞானம் பிடிக்காது"ன்னு இப்ப ஆரம்பிப்பீங்க. விவசாயப் பல்கலைக்கழகம் சொல்ற வட்டார வாரியான முன்னறிவிப்பைப் பார்த்துட்டுத்தான் பதினஞ்சு வருசமா மருந்தடிக்கறேன். நாளைக்குக் காத்துன்னு சொன்னா மருந்து வீணாகாம மிச்சம். வானிலை ஆபீசுக்காரங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மூணு மாசத்துக்குச் சொல்றது வாய்ப்புக் கணக்கு, இயல்பைவிடக் கூடறதுக்கு இவ்வளவு, குறையறதுக்கு இவ்வளவுன்னு. அவங்க அப்படித்தான் எழுதறாங்க. அதுல இருக்கற "வாய்ப்பு"ங்கற வார்த்தையைப் புடுங்கி எறிஞ்சுட்டு "பயப்பட ஒண்ணுமில்லை"ன்னு ஒட்டினது யாரு? நம்மாளுங்க.

மூணு மாசத்துக்கு முன்னாடி ஊர் ஊரா சொல்ல முடியாதுன்னும் சொல்லுவீங்க. சரி, முடியாது. அப்ப "பயப்பட ஒண்ணுமில்லை"ன்னு மட்டும் எப்படி முடிஞ்சுது?

போன்ல இருக்கற வானிலை ஆப்பைப் பாருன்னு சொன்னவருக்குப் பதில் இல்லை.

கோடை மழையும் அப்படித்தான். உங்களுக்கு மழை பேஞ்சா பஜ்ஜி, மண்வாசனைன்னு நாலு வரி கவிதை. எனக்கு முருங்கை பூவுல நிக்கறப்போ சடசடன்னு அடிச்சா பூ பூராவும் தரையில. கோபி, சத்தி பக்கம் அதே மேகத்துக்கு முன்னாடி வர்ற சூறைக்காத்துல குலை தள்ளின வாழை சாஞ்சு கெடக்கும். மழை வேண்டாம்னு சொல்லலைங்க, அப்படிச் சொன்னா நாக்கு அழுகிரும். எந்த ஊருக்கு, எப்பன்னுதான் கேக்கறேன்.

2016-ல வடகிழக்குப் பருவமழை ஏமாத்துச்சு. தமிழ்நாடு பூராவும் பாதிக்கு மேல கொறைச்சல். அடுத்த கோடையில எங்க தோப்புல நூத்தி நாப்பது தென்னை. போர் ஆயிரம் அடி தாண்டியும் புகைதான் வந்துச்சு. லாரித் தண்ணி வாங்கி ஊத்தினோம். எந்த மரத்துக்கு ஊத்தறது, எதை விடறதுன்னு அய்யன்தான் காலையில போய் மரத்தைத் தொட்டுத் தொட்டுச் சொல்லுவாரு. அவர் கையை எடுத்துட்டா அந்த மரத்துக்குத் தண்ணி இல்லை. அறுபத்தி ரெண்டு மரம் கொண்டை சாஞ்சுது. அந்த மே மாசம் கோயம்புத்தூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பந்தியில பக்கத்துல இருந்தவர், "இந்த வருசம் கோடை பரவால்லைங்களே, சாயங்காலம் குளுகுளுன்னு இருக்குது"ன்னாரு. அய்யன் "ஆமாங்க"ன்னாரு. எலையை மடக்கிட்டு எந்திரிச்சுட்டாரு. பாயசம் கூட வைக்கலை அப்ப.

அவர் போய்ச் சேர்ந்தாச்சு. எனக்கு அந்த "ஆமாங்க" சொல்ல வரலை.

காங்கேயம் மாடு படத்தை முகப்புல வெச்சுக்கறீங்க. கொங்குன்னா பெருமைங்கறீங்க. அந்த மாடு மேயற கொறங்காட்டுல கொழுக்கட்டைப்புல் பங்குனியிலயே கருகிருதுன்னு தெரியுமா? பெருமைக்கு நாங்க வேணும், வெயிலுக்கு மட்டும் கோயம்புத்தூரு. குளுகுளுன்னு இருந்தாத்தான் கொங்கா? இதை வானிலையில ஆரம்பிச்சு எங்கியோ கொண்டு போறேன்னு தெரியுது. போகட்டும்.

இப்ப மணி மூணு. வேலாமரத்து நெழல் பத்தாம, ஆடு ஒண்ணோட வயித்துக்கடியில ஒண்ணு தலையை விட்டுக்கிட்டு நிக்குது. தொட்டிக்குத் தண்ணி விடணும்.

சித்திரையில நோம்பி சாட்டறாங்க, பதினாலு பேருக்கும் அழைப்பு உண்டு. எப்பவும் போலப் பொழுதிறங்கி ஏசி கார்ல வந்து, சாமி கும்பிட்டுட்டு, விடியறதுக்குள்ள கெளம்பாதீங்க. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு வாங்க. தெளுவு, அதான் பதநீர், எறக்கி வெக்கறேன்.