அடியில் முடிச்சு, மேலே குற்றவாளி

மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு உடுத்த வேண்டிய பட்டு ரவிக்கைக்கு இரவு பத்தரை மணிக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன்; நான்கு அங்குலம் ஓடுவதற்குள் மெஷின் 'டக்'கென்று நின்றுவிட்டது. துணியைப் புரட்டினால், மேலே ஒழுங்கான தையல், அடியிலோ குருவி கட்டிய கூடு. பட்டில் இறுகிய அந்த முடிச்சைப் பிளேடு நுனியால் ஒவ்வோர் இழையாக அறுத்தெடுக்கும் வேதனை, தைப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அடியில் நூல் சிக்கினால், கீழ்நூல் சுற்றிய அந்தச் சின்ன உருளை, பாபின்தான் காரணம் என்று ஊருக்கெல்லாம் யார் சொல்லிவைத்தார்களோ! மாமியாரும் அதையே சொன்னார், பக்கத்து வீட்டு அக்காவும் அதையே சொன்னார். போன மாதம் பழுது பார்க்க வந்தவரோ மேல்நூலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், பாபினை வைக்கும் கூடான பாபின் கேஸின் திருகை இறுக்கிவிட்டு முந்நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். கால் சுற்றுத் திருகினாலே தையல் மாறிவிடும் திருகு அது!

நான்கு முறை பாபினைக் கழற்றி மாட்டிய பிறகு, எரிச்சலில் மேலே சிவப்பு நூலும் கீழே வெள்ளை நூலும் போட்டு ஒரு கந்தலில் ஓட்டினேன். அடியில் சுருண்டு கிடந்தது முழுக்கச் சிவப்பு. அதாவது, ஊசி கொண்டுபோன மேல்நூலை இழுத்துப் பிடிக்க ஆளில்லாமல், அது கீழேயே குவிந்திருக்கிறது. துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்தால், மேல்நூலை இறுக்கிப் பிடிக்க வேண்டிய டென்ஷன் தட்டுகள் இறுக மூடியிருக்கும். நூல் அவற்றுக்கு நடுவே உட்காராமல் மேலோடு வழுக்கிப் போய்விடும். பிறகு டென்ஷன் குமிழை எந்த எண்ணில் வைத்து என்ன பயன்? ஃபுட்டைத் தூக்கிவிட்டுக் கோக்க வேண்டும் என்ற இந்த ஒரு வரியை, மெஷினோடு வந்த கையேடு ஒரு படத்தின் ஓரத்தில் எறும்பெழுத்தில் ஒளித்து வைத்திருக்கிறது. எலியாஸ் ஹோவ் இந்த இருநூல் தையலுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1846-இல். இத்தனை காலத்துக்குப் பிறகும் இதைப் பெரிய எழுத்தில் அச்சிட ஒருவருக்கும் மனம் வரவில்லை.

நூல் விற்பவர்களையும் சும்மா விடுவதற்கில்லை. பளபளவென்று மின்னும் அந்த மலிவுக் கண்டிலிருந்து ஒரு முழம் இழுத்து வெளிச்சத்தில் பிடித்தால், பிசிறும் திரளுமாக இருக்கிறது. பட்டுக்கென்று போட்ட 11-ஆம் எண் ஊசியின் காதில் அந்தத் திரள் மாட்டினால் அறாமல் என்ன செய்யும்?

பன்னிரண்டே காலுக்கு ஃபுட்டைத் தூக்கி, புதிதாக நூல் கோத்தேன். குருவிக்கூடு போய்விட்டது, ஆனாலும் கீழ்நூல் கம்பி போல விறைத்து நின்றது. பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டு லேசாக உதறினால் அது கொஞ்சம் இறங்க வேண்டும். என்னுடையதோ உதற உதற அசையாமல் தொங்கியது. வந்தவர் இறுக்கியதைத் தளர்த்தி, உதறிப் பார்த்து, மறுபடி தளர்த்தி, ஒரு வழியாகக் கை வைத்து முடித்தபோது மணி ஒன்று. அந்த முந்நூற்றைம்பதை நான் யாரிடம் போய்க் கேட்பது?