எழுத உட்காரும் முன் இன்னொரு கேள்வி

ஏற்காட்டைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் ‘ஏழைகளின் ஊட்டி’, ‘எழில் கொஞ்சும் மலை’, ‘பனி போர்த்திய பாதை’ என்ற வரிகள்தான் முந்திக்கொண்டு வந்து நிற்கும். எனக்கும் அப்படித்தான். சுற்றுலா விளம்பரத்திலிருந்து பள்ளிக்கூடக் கட்டுரை வரை புழங்கித் தேய்ந்துபோன வரிகள் இவை. நாம் யோசிப்பதற்குள் கை எழுதி முடித்துவிடும். என் எழுத்தைத் திருத்த நான் செய்யும் வேலையில் பாதி, இப்படித் தானாக வந்து விழுவதை எடுத்துப் போடுவதுதான்.

ஆனால் எடுத்துப் போட்டால் மட்டும் போதாது. அந்த இடத்தில் வைக்க நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘காப்பிப் பூவின் நறுமணம் மலையெங்கும் வீசியது’ என்ற வரியை மலையேறாமலே, கீழே சேலம் புதிய பேருந்து நிலையத்தில் உட்கார்ந்துகொண்டே எழுதிவிடலாம். தோட்டத்தில் வேலை செய்பவரிடம் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தால் வேறு கதை கிடைக்கும். செடி மொட்டு விட்டு மழைக்காகக் காத்திருக்கும். மார்ச், ஏப்ரலில் நல்ல கோடை மழை ஒன்று விழுந்தால், பத்து நாள் வாக்கில் தோட்டம் முழுக்க ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். சில நாளில் வாடியும்விடும். மழை தப்பினால் அந்த வருஷக் காய்ப்பு அடிபடும். இவ்வளவும் தெரிந்த பிறகு ‘நறுமணம்’ எதற்கு? வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தோட்டக்காரரை எழுதினாலே போதும், அந்தப் பூ எவ்வளவு பெரிய விஷயம் என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

ஜவ்வரிசியைப் பற்றி எழுதியபோது இது எனக்கு இன்னும் உறைத்தது. ஜவ்வரிசி ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981இல் தொடங்கியது, சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்ற தகவலெல்லாம் வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம். அதை வைத்து ஒரு பதிவும் தேற்றிவிடலாம். ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ ஆலையில் போய் நின்றேன். மரவள்ளிக்கிழங்கு வண்டியிலிருந்து இறங்குகிறது. தோலை உரித்து, கழுவி, அரைத்து, பாலை வடித்துத் தொட்டியில் தெளிய விடுகிறார்கள். மாவு அடியில் தங்குகிறது. அந்த ஈர மாவைக் குலுக்கிக் குலுக்கி உருண்டையாக்கி, சலித்து, சூட்டில் வறுத்து, களத்தில் கொட்டிக் காயவைக்கிறார்கள். இதுவரைக்கும் எந்தக் குறிப்பிலும் இருக்கும். களத்தில் பலகையால் தள்ளிப் பரப்பிக்கொண்டிருந்த அக்காவிடம், “காஞ்சிருச்சுன்னு எப்படிங்கக்கா கண்டுபிடிக்கிறீங்க?” என்று கேட்டேன். “கையில அள்ளி விட்டுப் பாருங்க, சத்தமே வேற மாதிரி இருக்கும்” என்றார். இரண்டு பக்கத்திலிருந்தும் அள்ளி விட்டுப் பார்த்தேன். ஈரம் இருந்தது பொத்தென்று விழுந்தது. காய்ந்தது கலகலவென்று உதிர்ந்தது. பதிவின் முதல் வரியாக அதைத்தான் வைத்தேன்.

கேள்வி கேட்பதையும் பழகத்தான் வேண்டும். “வேலை ரொம்பக் கஷ்டமா?” என்று கேட்டால் “ஆமாங்க” என்ற பதிலோடு முடிந்துவிடும். நாமும் ‘வியர்வை சிந்தி உழைக்கும் மக்கள்’ என்று எழுதிவிட்டு வருவோம். வேலையைப் பற்றிக் கேட்டால் மனிதர்கள் மலர்ந்து பேசுகிறார்கள். எது சீக்கிரம் கெட்டுப்போகும், எப்போது அவசரப்படக் கூடாது, புதிதாக வந்தவர் எங்கே தடுமாறுவார் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சை நிறுத்தவே மாட்டார்கள்.

அப்புறம் எழுதும் முறை. முதல் வடிவத்தைச் செல்பேசியில் குரல் தட்டச்சில் பேசியே முடித்துவிடுகிறேன். ஒற்று எல்லாம் தாறுமாறாக விழும், ‘ழ’வும் ‘ள’வும் இடம் மாறும். பரவாயில்லை, உட்கார்ந்து சரிசெய்துகொள்ளலாம். வாயால் சொல்லும்போது ‘நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது’ போன்ற வாக்கியம் வரவே வராது, அந்த லாபம் பெரிது. ஒருநாள் ஆறப் போட்டு, மறுபடி சத்தமாகப் படிப்பேன். தமிழில் வினை கடைசியில் வருவதால், ‘சென்று, பார்த்து, கேட்டு, அறிந்து’ என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போனால் படிப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். எனக்கே மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடைத்துவிடுவேன். முதல் பத்தி பெரும்பாலும் போய்விடும். அது தொண்டையைச் செருமிக்கொள்வது மாதிரி. சொல்ல வந்தது இரண்டாவது பத்தியில்தான் தொடங்கியிருக்கும்.

‘எழுத மனநிலை வரவில்லை’ என்று நண்பர்கள் சொல்லும்போது நான் ஏற்காடு சாலையில் இன்னும் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத்தான் நினைத்துக்கொள்வேன். 1935இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கிய அந்தத் திரைப்பட நிறுவனத்தில் கதைக்கென்றே ஓர் இலாகா இருந்தது. கருணாநிதியும் கண்ணதாசனும் அங்கே சம்பளத்துக்கு எழுதியவர்கள். படப்பிடிப்புத் தேதி மனநிலைக்காகக் காத்திருக்காது. தினமும் ஒரு நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதை எழுத்துக்குக் குறைவான காரியம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. உட்கார்ந்தால்தான் எழுத்து வருகிறது.

கடைசியாக ஒன்றை மட்டும் விடுவதே இல்லை. யாருடைய வேலையைப் பற்றி எழுதினேனோ, அந்த வேலை தெரிந்த ஒருவருக்குப் படித்துக் காட்டுவேன். நடை நன்றாக இருக்கிறதா என்று அவரிடம் கேட்பதில்லை. “இதுல எது தப்பு, எது விட்டுப்போச்சு?” என்று மட்டும் கேட்பேன். சொல்லும் பதிலுக்காக ஒரு பத்தியையே மாற்ற நேர்ந்தாலும் மாற்றிவிடுவேன்.

அடுத்து சேலம் அம்மாபேட்டைத் தறிகளைப் பற்றி எழுதப் போகிறேன். தறிச் சத்தத்தைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. எனக்குப் பாவு (நீளவாட்டு நூல்) ஓட்டுவதையும், புதுப் பாவின் இழைகளைப் பழையதோடு இணைக்கும் அச்சுப் பிணைப்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்தப் பதிவைப் படிப்பவர்களில் நெசவு வீட்டுக்காரர்கள் இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். உங்கள் வேலைக்கு இடைஞ்சல் இல்லாத ஒரு நாளில் வந்துவிடுகிறேன்.