மூளையின் மின்புலம் வேலை செய்கிறது, சரி. அதுவேதான் மனமா?

மூளையில் மின்காந்தப் புலம் இருக்கிறது, நம் பிரக்ஞையே, அதாவது நமக்குள் இருக்கும் உணர்வுநிலையே, அந்தப் புலம்தான் என்று சொல்லும் காணொளிகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. பார்ப்பவர்களில் ஒரு சாரார் அப்படியே நம்பி, அடுத்த மூச்சில் ஆரா, அதிர்வு என்று போய்விடுகிறார்கள். இன்னொரு சாரார் மொத்தத்தையும் கட்டுக்கதை என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டு பேர் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. புலம் மூளையின் வேலையில் பங்கெடுக்கிறது என்பதற்கு ஆய்வுக்கூடச் சான்று இருக்கிறது. புலமே பிரக்ஞை என்பதற்கு இல்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை.

புலம் இருப்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார், 1929இல் வெளியிட்டார். இன்றும் தலையில் மின்முனைகள் வைத்து மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈஈஜி எடுக்கும்போது அவர் கண்டதை நேரிலேயே பார்க்கலாம். கண்ணை மூடச் சொன்னதும் பின்மண்டையில் வைத்த மின்முனைகளில் நொடிக்குப் பத்து முறை போல ஏறி இறங்கும் அலை ஒன்று எழும்பும். கண்ணைத் திறந்ததும் அடங்கிவிடும். அதன் அளவு சில பத்து மைக்ரோவோல்ட்தான். காந்தப் பக்கம் இன்னும் மெலிது: பூமியின் காந்தப்புலத்தில் பத்துக் கோடியில் ஒரு பங்கு, பல நேரம் அதற்கும் கீழே. 1968இல் டேவிட் கோஹென் அதையும் அளந்து காட்டினார்.

இவ்வளவு மெலிந்த ஒன்று எதைச் சாதித்துவிடும் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். ரயில் எஞ்சினின் ஊதல் போல: கேட்கும், ஆனால் வண்டியை இழுக்காது. இந்த எண்ணம் 2010இல் ஆட்டம் கண்டது. ஃப்ரோலிக், மெக்கார்மிக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மூளைப் புறணியின், அதாவது மூளையின் வெளி அடுக்கின், மெல்லிய துண்டுகளை உயிரோடு வைத்து, அதில் இயல்பாக எழும் அளவுக்கே மின்புலத்தை வெளியிலிருந்து கொடுத்தார்கள். நரம்பணுக்களின் தாளம் மாறியது. அடுத்த ஆண்டு அனஸ்டாசியூவும் கிறிஸ்டாஃப் காக் உள்ளிட்ட சகாக்களும் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். புலத்தால் நரம்பணுவின் சவ்வில் ஏற்பட்ட மாற்றம் அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. அப்படியிருந்தும் அந்த நரம்பணு மின்துடிப்பு அனுப்பும் நேரம் புலத்தின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்துகொண்டது.

என்னை மிகவும் உலுக்கியது 2019இல் டொமினிக் டியூராண்ட் குழு வெளியிட்ட சோதனை. எலி மூளையில் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் துண்டில் மெதுவாக ஒரு அலை ஊர்ந்து போகிறது. துண்டைக் குறுக்கே முழுவதுமாக வெட்டிவிடுகிறார்கள். எந்த நரம்பிழையும் மிச்சமில்லை. வெட்டுமுகங்கள் இரண்டையும் ஒட்டினாற்போல் வைத்தால் அலை அந்தப் பக்கம் தாண்டிப் போகிறது! கொஞ்சம் விலக்கி வைத்தால் நின்றுவிடுகிறது. இதைப் படித்த பிறகும் புலம் வெறும் உபவிளைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இங்கிருந்து பிரக்ஞைக்குத் தாவுவது பெரிய தாவல். சூசன் பாக்கெட் 2000இலும், ஜான்ஜோ மெக்ஃபேடன் 2002இலும் புலமே பிரக்ஞை என்ற கோட்பாட்டை முன்வைத்து அந்தத் தாவலைச் செய்தார்கள். ஏன் என்பது புரிகிறது. சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் ஆளுக்கொரு மூலையில் துடிக்கின்றன. நிறம் ஓரிடத்தில், அசைவு ஓரிடத்தில், ஒலி வேறிடத்தில். நமக்கோ எல்லாம் ஒரே காட்சியாகத் தெரிகிறது. எங்கே ஒன்று சேர்கிறது? புலம் என்றால் இயல்பிலேயே எல்லாம் கூடும் இடம். அழகான விடை, சந்தேகமில்லை.

எம்ஆர்ஐ எந்திரத்தின் மிக வலுவான 3 டெஸ்லா காந்தத்துக்குள் படுத்தவருக்கு நினைவு தப்பவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. அது வலுவான கேள்வி அல்ல. மாறாத காந்தப்புலம் வேறு, மூளைக்குள் துடிக்கும் மின்புலம் வேறு. வலிப்பு நோய் எழுப்பும் கேள்வி அதைவிடக் கனமானது. சில குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை வலிப்பில், நொடிக்கு மூன்று என்ற கணக்கில் மூளை முழுவதும் ஒரே சீராகப் பெரிய அலைகள் எழும். புலம் வலுவாக இருக்கும் நேரம் அது. ஆனால் குழந்தை பேச்சின் நடுவே வெறித்துப் பார்த்தபடி நின்றுவிடும். அளவு முக்கியமில்லை, வடிவம்தான் முக்கியம் என்பார்கள் புலக் கோட்பாட்டாளர்கள். சரி, எந்த வடிவம்? அதைத் துல்லியமாகச் சொன்னால்தான் சோதிக்க முடியும்.

என்னைத் தடுத்து நிறுத்துவது மூளை ஆய்வாளர் ரோஜர் ஸ்பெரியின் ஆய்வு. கடும் வலிப்புக்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை வெட்டிய நோயாளிகளை அவர் ஆராய்ந்தார். நோயாளி திரையின் நடுப்புள்ளியைப் பார்க்கிறார். இடப்பக்கம் ஒரு பொருளின் படம் கணநேரம் மின்னி மறைகிறது. அது மூளையின் வலப் பாதிக்குப் போகும்; இடக்கையை இயக்குவதும் அந்தப் பாதிதான், பேச்சோ பெரும்பாலும் இடப் பாதியின் வேலை. என்ன பார்த்தீர்கள் என்றால் ஒன்றுமில்லை என்கிறார். திரைக்குப் பின்னால் அவருடைய இடக்கை துழாவி, சரியாக அதே பொருளை எடுக்கிறது. வெட்டப்பட்டது நரம்பு மட்டும்தான். இரண்டு பாதிகளும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. புலத்துக்கு அங்கே சுவர் ஏதும் இல்லை. புலமே பிரக்ஞை என்றால் அது ஏன் பிளக்க வேண்டும்? தூரம் கூடினால் புலம் சட்டென்று தேய்ந்துவிடும் என்று பதில் சொல்லலாம், அது உண்மைதான். ஆனால் அப்படித் தேய்ந்துபோகும் ஒன்று எப்படி மூளை முழுவதையும் ஒரே காட்சியாகச் சேர்க்கும்? இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள முடியாது. பிளவு முழுமையானதா என்பதில் இன்றும் விவாதம் நடக்கிறது, அதனால் இதைக் கடைசித் தீர்ப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் இதற்கு நேரடியாகப் பதில் சொல்லாத எந்தப் புலக் கோட்பாடும் எனக்குப் போதாது.

இதே ஸ்பெரி 1955இல், பார்வைக்குப் புலம் தேவையா என்று அறிய, பூனைகளின் மூளைப் புறணியில் டான்டலம் என்ற உலோகக் கம்பிகளைச் செருகி, உள்ளே ஓடும் மின்னோட்டத்தைக் குலைத்துப் பார்த்தவர். பூனைகள் வடிவங்களை முன்போலவே பெரும்பாலும் பிரித்தறிந்தன. அன்றிருந்த கருவிகளோடு அவ்வளவுதான் முடியும். இன்றைக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது. மேலே சொன்ன 2010 சோதனையில் ஃப்ரோலிக்கும் மெக்கார்மிக்கும் இன்னொன்றையும் செய்தார்கள்: மூளைத் துண்டின் செயல்பாட்டை உடனுக்குடன் அளந்து, அதற்கேற்ற புலத்தைத் திருப்பிச் செலுத்தினார்கள். ஒத்த திசையில் கொடுத்தபோது தாளம் வலுத்தது, எதிர்த்திசையில் கொடுத்தபோது தளர்ந்தது. இதை விழித்திருக்கும் மூளையில், நரம்பிணைப்புகளைத் தொடாமல், புலத்தை மட்டும் தணித்துச் செய்து பார்க்க வேண்டும். அப்போது பார்வையோ கவனமோ கலைந்தால் நான் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்.