ஹீலருக்குத் தனிப் பயணம் தேவையா?
அணியினரைக் குணப்படுத்தும் பாத்திரமான ஹீலரை 50ஆம் நிலை வரை தனியாகக் குவெஸ்ட் (விளையாட்டு தரும் பணிகள்) செய்தே வளர்ப்பதுதான் விரைவான வழி என்று இங்குள்ள கட்டுரை கூறுவது, இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஃபைனல் ஃபேன்டசி 14 விளையாட்டுக்குப் பொருந்தாது. நால்வர் அணியில் ஹீலர் ஒருவரே தேவை என்றாலும் அதை ஏற்க முன்வருவோர் குறைவு என்பதால், ஜப்பானிய சர்வரில் நள்ளிரவை நெருங்கும் வேளையிலும் ஹீலராக ஆடும் எனக்கு டஞ்சன் (அணியாகச் சென்று எதிரிகளை வெல்லும் களம்) உடனே கிடைத்துவிடுகிறது. தாக்குதல் பாத்திரம் எடுக்கும் என் தம்பியோ கோப்பி கலக்கிக் குடித்த பிறகும் காத்திருப்பான். ஹீலர் வகைகளில் ஒன்றான ஒயிட் மேஜுக்கு 45ஆம் நிலையில் கிடைக்கும் ஹோலி என்னும் மந்திரம், சுற்றியுள்ள எதிரிகளைத் தாக்குவதோடு சில நொடிகள் முடக்கியும் வைப்பதால், எதிரிகளின் அடியைத் தாங்கும் டாங்க் இரண்டு எதிரிக் கூட்டங்களை ஒருசேர இழுத்து வந்தாலும் சமாளிக்கலாம். அடுத்தடுத்து வீசினால் அந்த முடக்கம் குறைந்துகொண்டே போய்ப் பலிக்காமல் நின்றுவிடும் என்பதால், வலுவான குணப்படுத்தும் திறன்களை அந்த நேரத்துக்கென்று வைத்துக்கொள்வது நல்லது. அந்நியர்களுடன் ஆடத் தயக்கம் என்று மேலே கருத்து எழுதியிருக்கும் நண்பர், பின்னர் சம்மனராகவும் ஸ்காலராகவும் மாறக்கூடிய ஆர்க்கனிஸ்ட் பாத்திரமாகத் தொடங்கலாம். தாக்குதல் பாத்திரமான சம்மனராகச் சண்டையிட்டுப் பெறும் நிலை, ஹீலரான ஸ்காலருக்கும் அப்படியே சேரும்.