பெருவெடிப்பை விட்டுவிடுங்கள், தட்டைப் பாருங்கள்

பெங்களூரு அல்சூர் பக்கத்துத் தமிழர்கள் இருக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி ஒரு ஃபார்வர்ட் வருகிறது: "ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பெருவெடிப்பைப் பொய்யாக்கிவிட்டது!" குழுவில் பாதிப் பேர் ஐடி. ஆனாலும் கைதட்டும் எமோஜிக்குக் குறைவே இல்லை. அங்கே பதில் சொல்லி அலுத்துவிட்டது, இங்கே எழுதுகிறேன்.

பெருவெடிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கேலக்ஸிகள் ஒழுங்கான உருவத்துக்கு வர நெடுங்காலம் பிடிக்கும் என்று நினைத்திருந்தோமே, அதுதான் ஆட்டம் கண்டிருக்கிறது.

1995 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கி, காலியாகத் தெரிந்த ஒரு துளி வானத்தைப் பத்து நாள் படம் பிடித்தது. அதில் சுமார் 3000 கேலக்ஸிகள். தூரத்திலிருந்து ஒளி வந்துசேர நெடுங்காலம் ஆவதால், தூரத்தில் இருந்தவை என்றால் பழங்காலத்தவை; அவற்றில் பல கோணல்மாணலாக, கட்டிகட்டியாக இருந்தன. இளம் பிரபஞ்சம் ஒரே களேபரம் என்ற எண்ணம் அப்போது வலுத்தது.

களேபரம் நிஜம்தான். கேலக்ஸிகளில் வாயு நிறைய, மோதல்களும் அதிகம். ஆனால் கொஞ்சம் கண்கட்டும் இருந்தது. பிரபஞ்சம் விரிவதால் தொலைதூர ஒளியின் அலைநீளம் நீண்டுவிடுகிறது. ஹபிளுக்குக் கண்ணுறு ஒளியாக வந்தது, கிளம்பும்போது புறஊதா ஒளி. அதைப் பெரும்பாலும் உமிழ்பவை புதிதாகப் பிறந்த சூடான விண்மீன்கள். ஆக, பிறப்பு நடக்கும் திட்டுகள் மட்டும் தெரியும், பழைய விண்மீன்கள் தட்டையாகப் பரவிச் சுழலும் அமைதியான தட்டு மறைந்துபோகும். பக்கத்துச் சுருள் கேலக்ஸியைக்கூடப் புறஊதாவில் பார்த்தால் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். நம்ம கோரமங்களாவில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனம் ஆஸ்ட்ரோசாட் என்ற இந்திய விண்கலத்துக்காக உருவாக்கிய புறஊதாத் தொலைநோக்கியின் படங்களைப் பார்த்தாலே புரியும்.

அந்தப் பழைய விண்மீன்களின் ஒளி நீண்டு வந்துசேரும் அகச்சிவப்பில் வெப் பார்த்தது, தட்டுகள் வெளியே வந்தன. 2025இல் புனேயில் உள்ள தேசிய வானொலி வானியற்பியல் மைய ஆய்வாளர்கள் இருவர் 'அலக்நந்தா' என்ற கேலக்ஸியை அறிவித்தார்கள். பிரபஞ்சத்துக்கு வெறும் 150 கோடி வயதாக இருந்தபோதே அதற்கு அழகாக இரண்டு சுருள் கைகள், சுமார் 30,000 ஒளியாண்டு அகலம். இவ்வளவு சீக்கிரம் எப்படி என்பதுதான் உண்மையான கேள்வி. குளிர்ந்த வாயு சீராக வந்து சேர்ந்ததா, அருகில் வந்த சிறு கேலக்ஸி கிளறிவிட்டதா? அங்குள்ள வாயு எப்படிச் சுழல்கிறது என்று அளந்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும்.

என்னைக் கேட்டால், உருவத்தை வைத்து வயது சொல்வதையே நிறுத்த வேண்டும். எட்வின் ஹபிள் என்ற வானியலாளர் கேலக்ஸிகளை உருவப்படி பிரித்து வரைந்த கவைக்கோல் வடிவப் படத்தில் நீள்வட்டம் இடப்பக்கம், சுருள் வலப்பக்கம். அதைப் பார்த்து முன்னது பின்னதாக வளர்கிறது என்று இன்னமும் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். இரண்டு சுருள்கள் மோதிக் கலந்தால் தட்டு குலைந்து நீள்வட்டமாகலாம். மோதினால் எப்போதும் அழிவு என்றும் இல்லை. சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் பால்வழி வேறொரு கேலக்ஸியை விழுங்கியதை, விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் தரவுகளை வைத்து 2018இல் கண்டுபிடித்தார்கள். விழுங்கப்பட்ட விண்மீன்கள் இன்னமும் நீண்டு ஒடுங்கிய பாதைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நம் தட்டு இருக்கத்தான் செய்கிறது.

"அப்போ ஆண்ட்ரோமெடா வந்து மோதுறது?" என்று குழுவில் ஓர் அண்ணன் கேட்டார். நமக்குப் பக்கத்துப் பெரிய கேலக்ஸியான அது பால்வழியோடு மோதுவது உறுதி என்று 2012இல் சொன்னார்கள். 2025இல் வந்த கணக்கு, அடுத்த 1000 கோடி ஆண்டுகளில் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்கிறது. பால்வழியின் துணைக் கேலக்ஸியான பெரிய மெகல்லன் மேகத்தின் ஈர்ப்பு நம்மைப் பக்கவாட்டில் இழுப்பதையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. அந்த மேகம் நம்மோடு வந்து கலப்பது மட்டும் கிட்டத்தட்ட நிச்சயம், அதுவும் ஆண்ட்ரோமெடாவுக்கு ரொம்ப முன்னாலேயே.