சரணாலய நகரத்தில் ஐஸ் கைது செய்ய முடியாதா?

"சிகாகோ சரணாலய நகரம். அங்கே ஐஸ் (அமெரிக்கக் குடியேற்ற அமலாக்கத் துறை) அதிகாரிகள் யாரையும் கைது செய்ய முடியாது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. விசா முடிந்தவர்கள் இதை நம்பி அசட்டையாக இருந்தால் ஆபத்து.

அமெரிக்காவில் குடியேற்றச் சட்டம் மத்திய அரசின் கையில் இருக்கிறது. அதனால் ஐஸ் எந்த நகரத்திலும் கைது செய்யலாம். மேயரால் தடுக்க முடியாது. ஆனால் தன் போலீஸை அந்த வேலைக்கு அனுப்ப நகரம் மறுக்கலாம்; அப்படி மறுக்கும் நகரத்தைத்தான் சரணாலய நகரம் என்கிறார்கள். சிகாகோவில் 1985-இல் மேயர் ஹரால்ட் வாஷிங்டன் இப்படி ஆணையிட்டார். உள்ளூர் அதிகாரிகளை மத்திய சட்டத்தை அமல்படுத்தக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1997-இல் பிரின்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. (அது துப்பாக்கி விற்பனை பற்றிய வழக்கு என்பதுதான் வேடிக்கை.)

மற்ற நகரங்களிலிருந்து வித்தியாசம் தெரிவது உள்ளூர்ச் சிறையில்தான். விடுதலையாகப்போகிறவரை மேலும் 48 மணி நேரம் வரை பிடித்துவைக்கச் சொல்லி ஐஸ் ஒரு படிவம் அனுப்பும். அது வேண்டுகோள்தான், நீதிபதி கையெழுத்திட்ட ஆணை அல்ல. எனவே உள்ளூர் நிர்வாகம் மறுக்கலாம். ஆனால் உள்ளூர் போலீஸ் கைது செய்தபோது எடுத்த கைரேகை எஃப்.பி.ஐ. வழியாக ஐஸின் தாய்த் துறையான உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு ஏற்கெனவே போயிருக்கும். வெளியே வருகிறவரைத் தெருவில் வைத்தே ஐஸ் பிடிக்கலாம்.