தடை ஏதாவது உண்டா?

சின்ன வயதில் ஞாயிறு ஆராதனையில் நான் காத்திருந்தது ஓலை வாசிக்கும் நேரத்துக்குத்தான். மாப்பிள்ளை யார் மகன், பெண் யார் மகள், எந்த ஊர் சபை என்று ஆயர் நிறுத்தி நிதானமாக வாசிப்பார். இவர்கள் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்பார். மூன்று ஞாயிறு இப்படி நடக்கும். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சபை கொடுக்கிற முதல் ஆசீர்வாதமே அந்த அமைதிதான் என்று அம்மா சொல்வார்.

தன்பால் திருமண விஷயத்தில் அமெரிக்காவின் ஐக்கிய மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டண்ட் சபை நடந்துகொண்டதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அமைதிதான் நினைவுக்கு வருகிறது.

ஃபிராங்க் ஷேஃபர் அந்தச் சபையில், பென்சில்வேனியாவில் ஆயராக இருந்தவர். யாரென்றே தெரியாத ஒருவர் ஒருநாள் அவரைத் தொலைபேசியில் அழைத்து, உங்கள் மகன் தன்பாலீர்ப்பு உள்ளவன், உயிரை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறான் என்று சொன்னார். மகன் டிம்முக்கு அப்போது பதின்ம வயது. அப்பாவின் சபையிலேயே வளர்ந்த பையன், தன்னை மாற்றிவிடும்படி ராத்திரிதோறும் ஜெபித்திருக்கிறான். அப்பாவும் அம்மாவும் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

2007-ல் மாசசூசெட்ஸில் டிம்முக்குக் கல்யாணம். அங்கே சட்டம் 2004-லேயே இடம் கொடுத்துவிட்டது, சபைதான் கொடுக்கவில்லை. அதனால் ஒரு உணவகத்தில் வைத்து அப்பாவே நடத்திவைத்தார். ஆறு வருஷம் கழித்து ஒருவர் புகார் கொடுக்க, 2013 நவம்பரில் சபை விசாரணை நடந்தது. இனி விதிகளை மீற மாட்டேன் என்று சொல்ல முப்பது நாள் அவகாசம் தந்தார்கள். அவர் சொல்லவில்லை. டிசம்பரில் ஆயர் பட்டத்தைப் பறித்தார்கள். அடுத்த வருஷம் மேல்முறையீட்டில் திரும்பக் கிடைத்தது. ஆனாலும், பெற்ற மகனின் கல்யாணத்தை நடத்திவைத்ததற்காக ஒரு தகப்பனை விசாரணையில் நிறுத்தினார்களே, அதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இத்தனைக்கும் அடியில் இருந்தது, தன்பால் உறவு கிறிஸ்தவப் போதனைக்கு ஒவ்வாதது என்று 1972-ல் சபையின் விதிநூலில் சேர்த்த ஒரு வாசகம். 2024 மே மாதம் சார்லட் நகரில் கூடிய பொது மாநாடு அதை நீக்கியது. தன்பாலீர்ப்பாளர்கள் ஆயராவதற்கான தடையை விவாதமே இல்லாமல் 692-க்கு 51 என்ற வாக்கில் எடுத்தார்கள். மறுநாள் 523-க்கு 161 என்ற வாக்கில் அந்த வாசகமும் போனது. அதற்குள் அமெரிக்காவில் இருந்த சபைகளில் ஏறக்குறைய கால்வாசி, ஏழாயிரத்துக்கும் மேல், பிரிந்து போயிருந்தன.

பிரிந்தவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களும் வேதத்தை நெஞ்சோடு வைத்திருப்பவர்கள்தான். ஆனால் புதிய விதி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. இப்படிப்பட்ட கல்யாணத்தை நடத்த மனம் ஒப்பாத ஆயர் மறுக்கலாம், அவருக்குத் தண்டனை கிடையாது.

வேதத்தையே மாற்றிவிட்டார்கள் என்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 1844-ல் ஒரு பிஷப் அடிமைகளை வைத்திருந்த விஷயத்தில்தான் அமெரிக்க மெதடிஸ்டுகள் இரண்டாக உடைந்தார்கள். அடிமைமுறையை ஆதரித்தவர்களின் கையிலும் வசனம் இருந்தது. பெண்களுக்கு முழு ஆயர் உரிமை 1956-ல்தான் வந்தது, அதைத் தடுத்தவர்களும் வசனம் காட்டினார்கள். விவாகரத்தைப் பற்றி மத்தேயு 19-ல் இயேசுவே கண்டிப்பாகப் பேசியிருக்கிறார். இருந்தும் மறுமணம் செய்தவர்களை எத்தனையோ சபைகள் அணைத்துக்கொள்கின்றன. அது சரிதான் என்றே நினைக்கிறேன். அப்படியானால் இயேசு ஒரு வார்த்தைகூடச் சொன்னதாகச் சுவிசேஷத்தில் இல்லாத இந்த ஒன்றில் மட்டும் ஏன் இத்தனை கடுமை?

பிரிட்டன் மெதடிஸ்டுகள் 2021-லேயே 254-க்கு 46 என்று வாக்களித்துத் தன்பால் திருமணத்துக்குக் கதவைத் திறந்தார்கள். இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சபையும் கத்தோலிக்க சபையும் 2023 டிசம்பரில் எடுத்த அடி இதைவிடச் சின்னது. ஜோடிக்கு ஆசீர்வாதம் உண்டு, ஆனால் கல்யாணம் இல்லை. பாதி திறந்த கதவுக்கு முன்னால் எவ்வளவு நேரம்தான் நிற்க முடியும்?

ஐக்கிய மெதடிஸ்ட் சபையில் பெத் ஸ்ட்ரவுட் என்ற பெண் ஆயரின் கதை இன்னும் வலிக்கிறது. ஷேஃபர் இருந்த அதே கிழக்குப் பென்சில்வேனியா வட்டாரம்தான். பிலடெல்பியாவில் ஊழியம் செய்தபோது, தான் ஒரு பெண்ணோடு வாழ்வதைப் பிரசங்க பீடத்திலிருந்தே சபைக்குச் சொன்னார். 2004-ல் பட்டத்தைப் பறித்தார்கள். 2024 மே மாதம் அந்த வட்டார ஆயர்கள் கூடி வாக்களித்து அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். நல்ல காரியம். ஆனால் நடுவில் இருபது வருஷம் போய்விட்டதே.

நம் ஊர் சபைகளில் இதைப் பற்றிய பேச்சே கிடையாது. ஆனால் ராத்திரியில் ஜெபிக்கிற டிம்கள் நம் பெஞ்சுகளிலும் உட்கார்ந்திருக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாலிபர் கூட்டத்தில் இதைப் பேச எங்கள் ஆயர் ஐயாவிடம் போன வாரம் அனுமதி கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். அப்புறம், யோசித்துச் சொல்கிறேன் என்றார். அடுத்த ஞாயிறும் கேட்பேன்.